ஓட்டைப் பானை

மடத்தில் செம்புப் பானை ஒன்றே ஒன்று.
அதன் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டவர்
துறவி ஷல்லீத்தா.
கேட்காமல் போட்டார்.
கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேன் என்று தெரியும்;
விண்மீன்களைக் கணிப்பவருக்கு
ஒரு சமையல்காரனைக் கணிப்பதா கடினம்?

‘இது இனிப் பானை அல்ல, கப்ரோனா,
நேரம்’ என்றார்.
அன்றிரவு நாற்பது பேருக்கு
மண்சட்டியில் கஞ்சி அடிப்பிடித்தது.

பஸ்கா எந்த ஞாயிறு என்று
சுற்று மடங்களெல்லாம் அவரிடம்தான் ஆளனுப்பும்.
‘பத்தொன்பது ஆண்டில் நிலவு பழைய தேதிக்குத் திரும்பிவிடும்,
கடன் வாங்கியவனைப் போல அல்ல’ என்பார்.

ஐபிராத்துக் கரையின் மீனவர்களுக்கோ
வானத்தில் ஒரு பாம்பு உண்டு. அத்தாலியா.
நிலவை விழுங்கும். செம்பைத் தட்டினால் கக்கும்.
ஷல்லீத்தா கரைக்கே போய்
ஒரு விளக்கும் மாதுளம்பழமும் வைத்து
பூமியின் நிழலைக் காட்டினார்.
எல்லாரும் கேட்டார்கள். மாதுளையைப் பிள்ளைகள் தின்றார்கள்.
‘நிழலுக்கு வாய் கிடையாது’ என்று சொல்லிவிட்டு நடந்தார்.
‘பல்லாவது உண்டா?’
பின்னால் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது.
அவர் காதில் விழவில்லை.

கானூன் மாதக் குளிர். அவர் சொன்ன இரவு.
சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி
நிலவின் ஓரத்தில் கரித்துணி பட்டது.
கூரையில் நாங்கள் இருவர், நடுவில் பானை.
சொட்டு. சொட்டு.
மூச்சைக்கூட அளந்தே விட்டார்.
நிலவு முழுதும் செங்கல்லாகிக் கிடந்தபோது
கீழே ஊர் தட்டத் தொடங்கியது.
வலைகாரன் யோனானின் மனைவி ஷூஷான்
ஏணியடியில் வந்து நின்றாள்.
அவன் படகு ஆற்றின் நடுவில்.
கரை எந்தப் பக்கம் என்று தெரியாத இருட்டு.
‘சத்தம் வேண்டும், ஐயா.
பாம்புக்கோ, அவருக்கோ,
யாருக்காவது கேட்கட்டும்.’

ஷல்லீத்தா பானையைப் பார்த்தார்.
நிலவைப் பார்த்தார்.
பழக்கத்தில் விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு
தண்ணீரைக் கூரையில் கவிழ்த்தார்.
கொடுத்தார்.

ஓட்டைப் பானைக்கும் ஓசை உண்டு.

‘விடுபடும் நேரம் போயிற்று’ என்றார்,
மெழுகுப் பலகையை மடியில் குப்புறப் போட்டு.
நான் சொன்னேன்:
‘ஒரு சட்டிப் பயறு வேக நான்கு நீண்ட சங்கீதங்கள்.
முப்பது வருடமாகத் தப்பியதில்லை.’
அவர் சிரிக்கவில்லை.
‘அடுப்பை மூட்டு’ என்றார்.

அந்தச் சுவடியில் இன்றும் இருக்கிறது:
*முதல் ஒளி தொட்டு முழு ஒளி வரை,
ஒன்றரைச் சட்டிப் பயறு.*
அதன் கீழே, சிறிய எழுத்தில்:
*தொடக்கத்தைக் கணித்ததில் பிழை. என்னுடையது.*
யோனான் கரை சேர்ந்தது சுவடியில் இல்லை.
பானை திரும்பி வந்தது, உடம்பெல்லாம் சொட்டை,
உள்ளே ஒரு கெளுத்தி மீன்.

பிறகு பெரிய வெள்ளி.
பகலில் இருள் சூழ்ந்த பகுதியை வாசித்து முடித்ததும்
எதேசாவிலிருந்து வந்த வணிகர் ஒருவர்
‘கிரகணமாக இருந்திருக்கும்’ என்றார், உதவி செய்கிறவர்போல.
‘பஸ்காவுக்கு முழுநிலவு’ என்றார் ஷல்லீத்தா.
‘அந்த நண்பகலில் நிலவு
சூரியனுக்கு நேர் எதிரே, நம் காலுக்கடியில் இருந்தது.
குறுக்கே வர அதற்கு வழியில்லை.’
‘அப்படியானால்?’
‘அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.’
தோற்றவர் குரலில் சொல்லவில்லை.

நான் அடுப்படிக்குப் போனேன்.
நோன்பு; சாம்பல் ஆறிக் கிடந்தது.
ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை.
விரல்விட்டு எண்ணினேன்.
நாலரைச் சட்டி.

எருசலேமில் ஏதோ ஒரு வீட்டில்
ஒருத்தி அன்று அடுப்பேற்றியிருப்பாள்.
பயறு வெந்ததா என்று பார்க்க
நடுப்பகலில்
விளக்கைத் தேடியிருப்பாள்.